கிணறும் கண்ணாடியும்

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி கற்சிற்பத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். சிற்பியின் உளிக்குப் பொருளாகும் கடினப்பாறையே அவ்வட்டாரத்தில் கிணறு வெட்டுவோரின் கடப்பாரைக்குத் தடையாகவும் நிற்கிறது. இத்தகைய நிலத்தில் நீர், மேல்மண்ணை அடுத்துச் சிதைந்து கிடக்கும் பாறை அடுக்கிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்கி, மேலே போடப்பட்ட வரப்புகளைப் பொருட்படுத்தாமல் ஒருவர் நிலத்திலிருந்து மற்றவர் நிலத்துக்கு ஊறிச் செல்கிறது. வெட்டிய குழி வெட்டியவருக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்குழியில் வந்து சேரும் நீர் யாருக்கு உரியது என்பதும், அதை மொள்ளத் தகுதியுடையவர் யார் என்பதும் சமயச் சிந்தனை நெடுங்காலம் எதிர்கொண்ட கேள்விகள்.

தர்ம சாஸ்திர நூல்கள் அறச்செயல்களை இஷ்டம், பூர்த்தம் என்று இரண்டாகப் பகுக்கின்றன. வேள்வியும் அதைச் சார்ந்த சடங்குகளும் இஷ்டம் எனப்படும். கிணறு, குளம், கோயில், சோலை ஆகியவற்றைப் பிறர் நலத்துக்காக அமைப்பது பூர்த்தம் எனப்படும். வேதவேள்விக்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட சூத்திரருக்கும் பூர்த்தம் செய்யும் உரிமை உண்டு என்று ஸ்மிருதிகள் சில கூறுவதால், கிணறு வெட்டுதல் பிறப்பின் வேலியைத் தாண்டிய அறமாக அந்நூல்களிலேயே இடம்பெறுகிறது.

வெட்டிய கிணற்றை ஊருக்கு விடும் செயலை அந்நூல்கள் 'உத்சர்க்கம்' என்று குறிக்கின்றன. தன் உடைமை என்னும் உரிமையைத் துறந்து ஒன்றை எல்லா உயிர்களுக்குமாக விட்டுவிடுதல் என்பது அதன் பொருள். இது தானத்தினின்று வேறானது. தானத்தில் பெறுபவர் இன்னார் என்று உண்டு. கொடுத்தவர் கொடுத்த பொருளைத் திரும்பப் பயன்படுத்த இயலாது. உத்சர்க்கத்திலோ பெறுபவர் எல்லா உயிர்களும் ஆதலால், விட்டவரும் அவர்களுள் ஒருவராக நின்று அந்நீரை அருந்தலாம். நேற்று உடையவராக மொண்ட அதே நீரை இன்று பலருள் ஒருவராக மொள்ளும் இம்மாற்றமே உத்சர்க்கத்தின் தத்துவச் சாரம்.

எனினும், உரிமையைத் துறப்பதும் வேற்றுமையைத் துறப்பதும் ஒன்றல்ல. பழைய திருவிதாங்கூரில் சாதிப் படிநிலையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொதுக்கிணறுகள் மூடியே இருந்தன. 'எல்லா உயிர்களும்' என்று சொல்லி விடப்பட்ட நீரில் மாட்டுக்கும் காக்கைக்கும் பங்கு இருந்தது; மனிதருள் ஒரு பகுதியினருக்கு இல்லை. ஆறு ஓடுவதாலும் குளம் அகன்றிருப்பதாலும் அவற்றில் படித்துறையைப் பிரித்து ஒதுக்கி வைக்க முடிந்தது. கிணற்றுக்கோ வாய் ஒன்று, கயிறு ஒன்று, வாளி ஒன்று. கைக்குக் கை மாறும் கயிற்றில் தீட்டு ஏறும் என்று நம்பிய சமூகம், பாறை வெடிப்புகளின் வழியே ஒரு கிணற்றின் நீர் இன்னொரு கிணற்றுக்கும் ஊற்றாகலாம் என்பதை எண்ணவில்லை.

இந்த முரணுக்கான விடை மயிலாடிக்குத் தெற்கே, அதே அகஸ்தீஸ்வரம் வட்டாரத்துச் சாமித்தோப்பில், ஒரு கிணற்றின் வடிவிலேயே எழுந்தது. அய்யா வைகுண்டர் (1809–1851) 1833-க்குப் பின் அங்கே தவமிருந்து, தம்மிடம் வந்த மக்களைச் சாதி கருதாமல் ஒரே கிணற்று நீரில் குளிக்கவும் அதையே அருந்தவும் சேர்ந்து உண்ணவும் செய்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையிலிட்டும் அவ்வழக்கம் நிற்கவில்லை. முத்திரிக்கிணறு என்று வழங்கும் அக்கிணற்றில் நீராடிய பின் பதிக்குள், அதாவது அய்யாவழியினரின் வழிபாட்டிடத்துக்குள், செல்வது இன்றும் முறையாக உள்ளது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியான 1936-க்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பு, கோயில் கதவு திறக்கும்வரை காத்திராமல் கிணற்றங்கரையில் தொடங்கிய சீர்திருத்தம் இது.

பதியின் உள்ளே தெய்வச் சிலை இல்லை, கண்ணாடியே வைக்கப்பட்டிருக்கிறது. வணங்க வருபவர் அதில் தம் முகத்தையே காண்பதால், இறை தமக்குள் உறைகிறது என்னும் கருத்து அங்கே உணர்த்தப்படுகிறது. கண்ணாடி மட்டுமே இருந்திருந்தால், தன்னுள் இறையைக் கண்டவர் அடுத்தவரிடம் அதைக் காணாமலே திரும்பிச் செல்ல இடமிருந்திருக்கும்; தன்னை இறையென அறியும் ஞானமும் அண்டை வீட்டாரைத் தீண்டத்தகாதவர் எனத் தள்ளும் வழக்கமும் ஒரே உள்ளத்தில் குடியிருந்ததைச் சமய வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. இங்கே கிணறு முதலிலும் கண்ணாடி பின்னருமாக அமைந்த வரிசையே ஒரு வாதமாகிறது: பிறர் மேனி நனைத்த நீரில் தானும் நனைந்தவருக்கே தன் முகத்தில் இறையைக் காணும் தகுதி வாய்க்கிறது. உத்சர்க்கம் சொல்லால் 'எல்லாருக்கும்' என்றது. முத்திரிக்கிணறு அச்சொல்லை உடலால் மெய்ப்பிக்கச் செய்தது.

இன்று ஆழ்குழாய்க் கிணறு கயிற்றையும் வாளியையும், அவற்றோடு கிணற்றங்கரையில் கூடும் கூட்டத்தையும் இல்லாமல் ஆக்கியிருக்கிறது. பிறர் நிலம் சார்ந்த உரிமைகளை வரையறுக்கும் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமையை நில உடைமையாளருக்கே தருகிறது. யாரையும் விலக்குவதாக எண்ணாமலே அண்டை நிலத்து ஊற்றை வற்றச் செய்ய இப்போது ஒருவரால் முடியும். தீட்டு என்னும் சொல் இல்லாமலே விலக்கல் நடந்துவிடுகிறது. ஆகவே தன் நிலத்தில் துளையிடும் எவருக்கும் பழைய கேள்வி அப்படியே எஞ்சியிருக்கிறது: கீழிருந்து மேலேறி வரும் நீரில், காணப்படாத அடுத்த வீட்டாரின் பங்கை அவர் கணக்கில் கொள்கிறாரா என்பதே அது.