தோற்கப் போகிறவருக்கு ஒரு வாக்கு

வெற்றி பெற மாட்டார் என்று ஊரறிந்த ஒருவருக்கு வாக்களிப்பது முறையா? அவ்வாறு அளிப்பவர் தம் உரிமையைத் தெருவில் வீசி எறிகிறாரா, அன்றிச் செவ்வையாகப் பயன்படுத்துகிறாரா? வெறுங் கற்பனையாக வைத்துப் பேசினால் இருபுறமும் எளிதில் வாதாடி விடலாம். ஆதலின் நடந்த ஒன்றையே எடுத்துக் கொள்வோம்.

1950 நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் செனட் சபைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஹெர்பர்ட் லேமனும், குடியரசுக் கட்சியின் சார்பில் ஜோ ஹான்லியும் நின்றனர். அமெரிக்கத் தொழிற்கட்சி என்னும் சிறிய மூன்றாம் கட்சியோ 82 வயது முதியவர் ஒருவரை நிறுத்திற்று. அவரே டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர், 1910 முதல் 1934 வரை ‘தி கிரைசிஸ்’ இதழை நடத்தித் தம் மக்களின் உரிமைக்காக எழுதிக் குவித்தவர். பேரர்களோடு ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் மேடையேறினார். வெல்வோம் என்ற மயக்கம் அவருக்கு இல்லை.

பின் ஏன் நின்றார்? அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டிருந்தது. அணுகுண்டைத் தடை செய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் விண்ணப்பத்திற்குக் கையொப்பம் திரட்டிய அமைப்பொன்றிற்கு டு போய்ஸ் தலைவர். அந்நிய ஏவலர் எனப் பதிவு செய்துகொள்ளுமாறு ஆகஸ்டில் நீதித்துறை அவ்வமைப்புக்கு ஆணை விடுத்தது. போர் வேண்டாம் என்பதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், வேட்பாளன் என்ற பெயர் ஒன்றே அவருக்கு மேடையையும் வானொலியையும் ஈட்டித் தந்தது.

இதுவரை கேட்போர் எளிதில் தலையசைப்பர். இனித்தான் வினா கடினமாகிறது. எதிரே நின்ற லேமன் தீயவர் அல்லர். பொதுவுடைமையினரை ஒடுக்க வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அச் செப்டம்பரில் செனட்டுக்கு வந்தபோது, தேர்தல் வாசற்படியில் நிற்கிறது என்று தெரிந்தும் எதிர்த்து வாக்களித்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். அத்தகைய மனிதரின் வாக்குகளைப் பிரிப்பது அறமாகுமா? ஹான்லி வென்றிருந்தால் அப்பழியில் டு போய்சுக்குப் பங்கில்லை என்று கூற இயலுமா?

இயலாது என்றே நாம் கருதுகிறோம். ‘என் மனச்சான்றுப்படி நின்றேன், விளைவு என்னைச் சேராது’ என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. டு போய்ஸ் பெற்றவை இரண்டு இலட்சத்துச் சொச்சம், நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. லேமனின் வெற்றி வேறுபாடு அதனினும் சற்றே மிகுதி. அந்தச் சற்றே என்னும் சொல்லின் மீதுதான் நம் முழு வினாவும் நிற்கிறது. எண்கள் மாறியிருந்தால் இன்று நாம் அவரைப் புகழ்வதற்குத் தயங்கியிருப்போம்.

ஆயினும் அவர் நின்றது சரியே என்பது நம் துணிபு. லேமனும் ஹான்லியும் பலவற்றில் வேறுபட்டனர். வாக்காளருக்குத் தேர்வு இருந்தது. ஆனால் கொரியாவில் படை இறக்கியதை இரு பெருங்கட்சிகளுமே ஏற்றிருந்தன. ஆகவே போரை விரும்பாத ஒரு தாய் வாக்குச்சாவடிக்குப் போனால், மற்றெல்லாவற்றிற்கும் அங்கே விடை கூறலாம். தன் மகனைக் கொண்டுபோகும் அந்த ஒன்றிற்கு மட்டும் கூற முடியாது. மூன்றாமவரின் பெயர் சீட்டில் இருந்ததாலேயே அவளுக்கு வாய் திறக்க வழி கிடைத்தது. இருவரும் வேறுபடும் இடத்தில் மூன்றாமவர் புகுந்து குழப்புவது வேறு. இருவரும் ஒன்றாகிவிட்ட இடத்தில் நிற்பது வேறு. முன்னதைச் செய்வோர் எந்நாளும் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

அவ்வாறு ஒன்றாவது அந்நாளில் வெறும் பேச்சாக நிற்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் கொரியப் போரை எதிர்த்துப் பேசிய மார்க்கன்டோனியோ அதே சிறு கட்சியினர். அவரை வீழ்த்தப் பெருங்கட்சிகள் இரண்டும் கைகோத்து ஒரே வேட்பாளரை ஆதரித்தன. அவரும் அதே நாளில் தோற்றார்.

சரியாக நின்றவர் சொன்னதெல்லாம் சரியென்று கொள்ளற்க. 1953-இல் ஸ்டாலின் இறந்தபோது டு போய்ஸ் எழுதிய புகழுரையை இன்று படிப்போர் வருந்தவே செய்வர். தம் நாட்டின் அநீதியை அத்துணைக் கூர்மையாகக் கண்ட கண்கள் வேறொரு நாட்டின் சிறைகளைக் காணவில்லை.

தேர்தல் முடிந்த மூன்றாம் மாதம், 1951 பிப்ரவரியில், பதிவு செய்யாத குற்றத்திற்காக அவர் மீது வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றத்தில் சற்று நேரம் அவர் கையில் விலங்கும் பூட்டப்பட்டது. அப்போது வயது 82 நிறைந்து 83-ஐ எட்டும் தறுவாய். அறிமுகமானோர் பலர் விலகிப் போயினர். நவம்பரில் வழக்கு ஆதாரமின்றித் தள்ளுபடியாயிற்று. அந்த ஒன்பது மாதங்களில் அவர் பக்கம் வெளிப்படையாக நிற்க அஞ்சிய பலரும், அதற்கு முந்தைய நவம்பரில் திரைமறைவில் அவருக்கு வாக்களித்த இரண்டு இலட்சம் பேருள் இருந்திருக்கக் கூடும்.