தொண்டும் அதன் பயனும்

பிறர்க்கு உதவுதல் அறமென்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், உதவியின் பயன் கண்ணுக்குப் புலப்படாதவிடத்தும் உதவுவோன் அதனை விடாது செய்தல் வேண்டுமோ என்னும் வினா எளிதில் விடுக்கப்படுவதன்று. தாய்நாடு நீங்கிப் பிறநாட்டிற் பணிபுரியும் தொண்டர்தம் வாழ்க்கை, இவ்வினாவை ஆராய்தற்கு நல்லதோர் இடமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கென்னடி தலைவராயிருந்தபொழுது, 1961ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளிற் பீஸ் கோர் என்னும் தொண்டர் படை நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிறுதியில் அதன் முதற் குழுவினர் ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டை அடைந்து பள்ளியாசிரியராய் அமர்ந்தனர். இப்படையிற் சேர்வோர் பெரும்பாலும் 27 திங்கள் அயல்நாட்டில் உறைவர். முதல் 3 திங்கள் பயிற்சிக்குரியன. எஞ்சிய 2 ஆண்டும் பணிக்குரியன. பணியிடத்தில் அவர் பெறுவது, அவ்வூர் மக்களை ஒத்து வாழ்தற்குப் போதிய படித்தொகையேயாம். இடையே விலக விரும்பின் விலகலாம்; தடுப்பாரிலர். ஆகலின், அவரை ஆண்டு நிறுத்துவது அவருள்ளமே.

இத்தவணையின் நடுப்பகுதியே அவ்வுள்ளத்திற்குப் பெருஞ் சோதனையாவது. தொடக்கத்திற் புதுமை அவரை ஊக்கும், முடிவில் இல்லந் திரும்பும் நினைவு ஊக்கும், நடுவிலோ அவ்விரண்டுமில்லை. சிற்றூர்ப் பள்ளியொன்றிற் கணக்குக் கற்பிப்பார் ஒருவரைக் கருதுக. ஓராண்டு கழிந்தது. அறுவடை நாளில் மாணவர் வருகை குறைகின்றது, நூல்கள் போதவில்லை, தாம் வகுத்த திட்டமொன்றை ஏற்று நடத்துவாரிலர். 'யான் வந்தமையால் ஆயது யாது?' என்னும் எண்ணம் அவரை வருத்தும்.

ஈண்டு ஒரு தடை எழும். 1968ஆம் ஆண்டில் இவான் இல்லிச் என்னும் அறிஞர், மெக்சிகோவிற் கோடைக்காலத் தொண்டு செய்யப் புகுந்த வட அமெரிக்க மாணவரை நோக்கி, ஊரார் மொழியும் கருத்தும் அறியாதார் தம் நல்லெண்ணமொன்றையே கொண்டு அவர்க்கு உதவப் புகுதல் தகாதென்றும், கற்றற்கு வருதலே தக்கதென்றும் இடித்துரைத்தார். அங்ஙனமாயின், பயன் காணாத தொண்டர் உடனே மீளுதலன்றோ நன்று எனின், அற்றன்று. அவ்விடித்துரை அறியாமையைக் கடிந்ததே. ஓராண்டு உடனுறைந்து, மொழி பயின்று, தம் குறைவைத் தாமே கண்டவர், அவ்வறியாமையினின்றும் நீங்கத் தொடங்கியவராவர். அவரது சோர்வு தோல்வியன்று; தெளிவின் தொடக்கமே.

அப்படைக்கு வகுக்கப்பட்ட நோக்கங்கள் மூன்று. வேண்டிய நாட்டிற்குப் பயின்றாரை உதவுதல் ஒன்று. அந்நாட்டார் அமெரிக்கரை நன்கு அறியச் செய்தல் ஒன்று. அமெரிக்கர் பிறநாட்டாரை நன்கு அறியச் செய்தல் ஒன்று. மூன்றனுள் இரண்டு அறிதலைப் பற்றியனவாதல் கருதத்தக்கது. உதவியை மட்டும் எண்ணிக் கணக்கிடுவார், மூன்றில் ஒரு பகுதியையே கணக்கிட்டவராவர்.

இனி, தொண்டு யாருடையது என்பதனையும் நோக்குவாம். நோய்த்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஏறத்தாழ 7000 தொண்டர் பல நாடுகளினின்றும் ஒருங்கே திரும்ப அழைக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டிலேதான் தொண்டர் மீண்டும் செல்லத் தொடங்கினர். நடுவிற் பிரிந்தார் பலர் விடைபெறுதற்கும் போதிய பொழுது பெற்றிலர். அத்தகைய பிரிவில், தொண்டர் தம் கையிலேயே வைத்திருந்த பணி அவரோடு நின்றுவிடும். உள்ளூராசிரியர் கையிற் சேர்ந்த பணியோ பின்னும் நடக்கும். ஆகவே, தாம் இன்றியமையாதவராக விளங்க விரும்புதல் தொண்டிற்கு ஊறாம். தாமின்றியும் நடக்குமாறு செய்தலே அதற்கு உறுதியாம்.

இதனால் முதல் வினாவிற்கு விடை பெறப்படும். பயன் தெரியவில்லையென்று நீங்குவார், அப்பயனைத் தமக்கென வேண்டினாராவர். இடையில் விட்டாரென்னும் பழிக்கு நாணி நிற்பாரும் தம்மையே பேணினாராவர். தாம் நிற்றல் உள்ளூரார் ஒருவரது வாய்ப்பைக் கெடுக்குமாயின் நீங்குதலே அறம். அன்றாயின் நின்று செய்தலே அறம். இவ்விரண்டனையும் பகுத்தறிதற்குரிய அளவுகோல் தம் மனநிறைவன்று, ஊரார் நலமே. நாளை வகுப்பில் ஒரு மாணவற்கு ஒரு கணக்கு விளங்குமாயின், அது தம் பெயரால் விளங்கிற்றோ பிறர் பெயரால் விளங்கிற்றோ என்று எண்ணாதவரே தொண்டர் என்னும் பெயர்க்குரியர்.