மறதியும் மன்னிப்பும்

மறப்பது மனித இயல்பு. 'இன்சான்' என்னும் அரபுச் சொல்லையே 'நிஸ்யான்' என்னும் மறதியோடு இணைத்துப் பொருள் கண்ட அறிஞர்கள் உண்டு. ஆயின், பிறருக்கு இழைத்த தீங்கை நாம் மறந்துவிட்டால், அத்தீங்கின் பொறுப்பிலிருந்தும் விடுபட்டு விடுகிறோமா?

இவ்வினாவை எழுப்பும் ஆங்கில நாவல் ஒன்றுண்டு. ஜூலியன் பார்ன்ஸ் எழுதி, 2011 இல் புக்கர் பரிசு பெற்ற 'தி சென்ஸ் ஆஃப் அன் எண்டிங்' என்பதே அது. கதை சொல்பவர் டோனி வெப்ஸ்டர் என்னும் முதியவர். இளமையில் அவரைப் பிரிந்த வெரோனிக்கா, அவருடைய தோழன் ஏட்ரியனை நாடினாள். அதையறிந்து தாம் அளவோடுதான் பதில் எழுதியதாக அவர் நினைவு கூறுகிறது. ஏட்ரியன் பின்னர் 22 வயதில் தன்னுயிரை மாய்த்துக் கொண்டான். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், வெரோனிக்காவின் தாயார் தமக்கு 500 பவுண்டும் ஏட்ரியனின் நாட்குறிப்பும் எழுதி வைத்திருப்பதை டோனி அறிகிறார். நாட்குறிப்பைத் தேடிச் சென்றவர் கைக்கு வந்து சேர்வது, அன்று அவரே எழுதிய கடிதம்! வரிக்கு வரி நஞ்சு. அவ்விருவருக்கும் பிறக்கக்கூடிய குழந்தையையும் அதில் சபித்திருந்தார்.

டோனி பொய்யர் அல்லர். அதுவே நம்மை நடுங்க வைப்பது. நினைவு சாட்சியாக நில்லாமல், அவருக்காக வாதாடும் வழக்கறிஞராகி விட்டது.

நேர்மை வேறு, நினைவு வேறு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் பணிப்பதாகும். நல்லவர்களும் மறப்பார்கள் என்பதன்றோ அதன் உட்பொருள்? ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளரின் ஒழுக்கத்தைத் தனியாகவும் நினைவாற்றலைத் தனியாகவும் எடை போட்டனர். முதுமையில் நினைவு தளர்ந்தவர் முன்பு அறிவித்தவற்றையும் பின்பு அறிவித்தவற்றையும் பிரித்து வைத்தனர்.

"மறதி மன்னிக்கப்பட்டதல்லவா?" எனக் கேட்கலாம். உண்மைதான். மறந்து உண்டவரின் நோன்பு முறிவதில்லை. ஆனால் மறதியால் பிறர் பொருளை அழித்தவர் ஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது ஃபிக்ஹ். மறதி பாவத்தை நீக்கலாம். அடியாரின் உரிமையை நீக்காது. பட்டவர் மறக்கவில்லையே!

டோனியும் மன்னிப்புக் கேட்கிறார். ஆயினும் அவருக்கு இன்னும் எதுவும் விளங்கவில்லை என்பதே வெரோனிக்காவின் மறுமொழி. தாம் செய்தது இன்னதென்று முழுமையாக அறியுமுன்பே அவர் வருந்திவிட்டார். எதற்கென்று அறியாத வருத்தம் எவருடைய காயத்தையும் ஆற்றுவதில்லை.

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உற்றார் இல்லந்தோறும் சென்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டுவது நம் வழக்கம். அவ்விரு சொற்களுள் 'தெரியாமலும்' என்பதே கனமானது. அதை வாய்ப்பாடாகச் சொல்லிக் கடந்துவிடாமல், "என்னால் உங்கள் மனம் எங்கே நொந்தது?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை சற்றே பொறுத்திருப்போமாக! நாம் மறந்த ஏட்டை அவர்கள் இங்கேயே திறந்து காட்டினால், அது நமக்குக் கிட்டிய பேறு. மறுமையில் திறக்கப்படும் ஏட்டிலோ எதுவும் விடுபட்டிராது.