தெரிந்தெடுத்த கைகள்

திருவனந்தபுரம் பாளையம் புனித சூசையப்பர் பேராலயத்தில் வாசிக்கப்படும் விவிலியத்தில் 73 நூல்கள். அங்கிருந்து சற்று நடந்தால் எல்.எம்.எஸ். வளாகம், அங்குள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் வேதாகமத்தில் 66. வடக்கே திருச்சூரில் கல்தேய சுரியானி சபையார் வழிபாட்டில் வாசிப்பது புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 22இலிருந்து மட்டுமே. எத்தியோப்பியத் திருச்சபையோ மொத்தம் 81 என்கிறது. எல்லோரும் வணங்குவது ஒரே கிறிஸ்துவை. எல்லோரும் தம் கையிலுள்ளதை இறைவாக்கு என்றே ஏந்துகிறார்கள். கணக்கு மட்டும் ஒத்துப்போவதில்லை.

வலியசாலைவாசியான எனக்கு இது அயலார் வீட்டுக் கணக்காகத் தோன்றவில்லை. எச்சமயத்தில் பிறந்தவராயினும் நாம் அனைவரும், முன்னோர் யாரோ தெரிந்தெடுத்து வைத்துப்போன நூல்களையே வேதம் என்று பெற்றுக்கொண்டவர்கள். கைக்கு வரும்போதே அது தைத்து முடித்த புத்தகமாக வந்துவிடுகிறது. தைத்த கைகளை நாம் நினைப்பதில்லை. நினைக்கும்போது ஓர் அச்சம் எழுகிறது. மனிதர் தெரிந்தெடுத்தது என்றால் அதைத் தெய்வ வாக்கு என்று எப்படிச் சொல்வது?

இந்த அச்சத்திலிருந்து தப்பிக்க இருவகைக் கதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. நூல்கள் யாவும் வானத்திலிருந்து அப்படியே இறங்கின என்பது பக்தரின் கதை. கான்ஸ்டண்டைன் பேரரசன் 325இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி, வேண்டியதை வைத்து வேண்டாததைத் தள்ளினான் என்பது ஐயவாதியின் கதை; நாவல்களும் திரைப்படங்களும் இதைப் போதுமான அளவு பரப்பிவிட்டன. நிசேயா சங்கம் இயற்றிய விதிகள் இருபது. அவற்றுள் ஒன்றிலும் நூற்பட்டியல் இல்லை. இரண்டு கதைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆசை என்று நினைக்கிறேன்: நீண்ட காலம் பிடித்த ஒரு காரியத்தை ஒரே நாளில் நடந்ததாகக் கண்டு நிம்மதி அடைவது.

நடந்தது மெதுவாக நடந்தது. சினோப்பே நகரத்து மார்சியோன் என்பவர் ரோமுக்கு வந்து, லூக்கா நற்செய்தியின் திருத்திய வடிவம் ஒன்றையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, எபிரெய வேதம் முழுவதையும் தள்ளினார். ஏறக்குறைய 144இல் ரோமச் சபை அவரைத் தள்ளியது. நமக்குத் தெரிந்த அளவில் முதன்முதல் மூடிய பட்டியலைப் போட்டவர் சபையால் தள்ளப்பட்ட ஒருவர் என்பது சிந்திக்கத்தக்கது. சபைகள் அப்போதும் அவசரப்படவில்லை. லியோன் நகரத்து இரேனேயு ஏறக்குறைய 180இல் நற்செய்திகள் நான்குதாம் என்று உறுதிபடச் சொன்னார். பிற நூல்களின் எல்லை அவர் காலத்திலும் இளகியே இருந்தது. அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன், பேதுருவின் பெயரால் ஒரு நற்செய்தி ரோசுஸ் ஊரில் வாசிக்கப்படுவதைக் கேட்டு, நூலைப் பாராமலே வாசிக்கலாம் என்று விட்டுவிட்டார். பின்னர் ஒரு பிரதியைத் தேடி வாங்கி முழுவதும் படித்தார்; பெரும்பகுதி சரியானது, சில இடங்களில் பின்னர் சேர்த்தவை உள்ளன என்று அவற்றை எடுத்துக்காட்டி மறுத்து எழுதினார். படித்துப் பார்த்து மனம் மாறிய அந்த ஆயரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மையால் எழுதும் பட்டியலுக்கு முன்பே உயிரால் எழுதும் பட்டியல் ஒன்று வந்தது. 303இல் டயோக்ளீஷியன் பேரரசன் கிறிஸ்தவர்களின் வேத நூல்களைப் பிடுங்கி எரிக்க ஆணையிட்டான். கொடுத்தவர் பிழைத்தனர், பின்னாளில் ஒப்படைத்தோர் என்ற வசையைச் சுமந்தனர். கார்த்தேஜின் ஆயர் மென்சூரியுஸ் வேத நூல்களை மறைத்துவிட்டு, தம் சபை ஏற்காத புறக்கொள்கையினரின் ஏடுகளைத் தேவாலயத்தில் விட்டுவைத்தார். அதிகாரிகள் அவற்றை எடுத்துச் சென்றனர். அவர் செய்தது துணிவா சூதா என்று அவர் சபைக்குள்ளேயே வழக்கு எழுந்தது. நமக்கு வேண்டியது வேறு. வாசலில் படைவீரன் நிற்கும்போது எதை ஒளிப்பது, எதை விட்டுவைப்பது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அதைச் சொல்ல அன்று எந்தச் சங்கத்தின் தீர்மானமும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஞாயிறுதோறும் எதை வாசித்து, எதன் பேரில் அழுது, எதைச் சொல்லி இறந்தோரை அடக்கம் செய்தார்களோ, அது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய 27 நூல்களும் கூடாமல் குறையாமல் முதன்முதலாக ஒரே பட்டியலில் காணக்கிடைப்பது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் 367இல் எழுதிய பாஸ்கா மடலில். ஹிப்போவில் 393இலும் கார்த்தேஜில் 397இலும் கூடிய சங்கங்கள் அதே எண்ணிக்கையை ஒப்பின. பலர் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதைக்குக் கடைசியில் எல்லைக்கல் நட்டவர்கள் இவர்கள். அப்பாதை பதிந்த விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. எபிரெயர் நிருபத்தைக் கிழக்குச் சபைகள் மனமுவந்து ஏற்றன, மேற்கு நெடுநாள் ஐயுற்றது. வெளிப்படுத்தல் நூலை மேற்கு ஏற்றது, கிழக்கு ஐயுற்றது. ஒருவர் ஐயத்தை மற்றவர் நம்பிக்கை தாங்கிக்கொண்டதால்தான் அவ்விரண்டு நூல்களும் இன்று உள்ளே இருக்கின்றன. தனக்கு விளங்காத நூலை அடுத்தவர் போற்றுகிறார் என்பதற்காகவே பொறுத்து வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை, எந்தத் தத்துவ விசாரணையைவிடவும் இந்தத் தொகுப்பில் அதிகம் வேலை செய்திருக்கிறது.

அந்தப் பெருந்தன்மை நம் மண்ணில் ஒருமுறை தவறிப்போனது.

மலையாளக் கரையின் மார் தோமா கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக வாசித்துவந்தது பெஷித்தா என்னும் சுரியானி விவிலியம். அதன் புதிய ஏற்பாட்டில் 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் என்னும் ஐந்தும் இல்லை. அந்த இல்லாமையை அவர்கள் குறையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. 22 நூல்களோடு ஞானஸ்நானம் பெற்றார்கள், மணந்தார்கள், மரித்தார்கள். 1599 ஜூன் மாதம் கோவாவின் பேராயர் அலெக்சோ டி மெனேசிஸ் திருப்பூணித்துறைக்கு அருகே உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். கத்தனார் எனப்படும் குருக்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரும் அவர்களைவிடப் பெருந்தொகையான பொதுநிலையினரும் அமர்ந்திருந்தனர். தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு வந்தவை. கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெண்ட் சங்கம் 1546இல் உறுதிசெய்த பட்டியல் பேராயரின் கையில் இருந்தது. அதை வைத்து மலபாரின் நூலை அளந்தார். இல்லாத நூல்களைச் சேர்க்க வேண்டும். இருக்கும் நூல்களில் விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும். மற்ற சுரியானி ஏடுகளை ஒப்படைக்க வேண்டும், திருத்தக்கூடியவை திருத்தப்படும், மற்றவை நெருப்புக்கு. கண்டிக்கப்பட்ட நூல்களின் நீண்ட வரிசையில் இயேசுவின் குழந்தைப்பருவம் பற்றிய ஒரு நூலும் இருந்தது. எத்தனை ஏடுகள் எரிந்தன என்று எண்ணிவைத்தவர் இல்லை.

விடுபட்ட இடங்கள் என்று சங்கம் சுட்டியவற்றுள் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் வரலாறு, யோவான் 8இல் வருவது. மற்றது, பரலோகத்தில் சாட்சி பகரும் மூவரைச் சொல்லும் 1 யோவான் 5:7. புறக்கொள்கையினர் இவற்றை வேண்டுமென்றே நீக்கிவிட்டனர் என்று சங்கம் கருதியது. கிரேக்கப் பழம்பிரதிகளைப் பின்னாளில் ஒப்புநோக்கிய அறிஞர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. மூவர் சாட்சியைப் பேசும் அவ்வரி பழைய கிரேக்கப் பிரதி எதிலும் இல்லை. லத்தீன் மரபில் புகுந்து பரவியது. எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, எதிர்ப்பு வந்த பின் 1522இல்தான் சேர்த்தார். 1979இல் ரோமே வெளியிட்ட புதிய லத்தீன் விவிலியமும் அதை விட்டுவிட்டது. மெனேசிஸ் குறை என்று கண்டு நிரப்பச் சொன்ன இடத்தில், மலபாரின் ஏடுதான் பழமையைக் காத்துநின்றது. 380 ஆண்டு பொறுத்துத் தீர்ப்பு மாறியது. ஆனால் நெருப்புக்குப் போனவை திரும்பவில்லை.

பெண்ணின் வரலாறு வேறு வகை. அதுவும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ஆயினும் அதைத் தள்ளிவிட யாருக்கு மனம் வருகிறது? இன்றைய பதிப்புகள் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இட்டு அதை அங்கேயே வைத்திருக்கின்றன. பழமை ஒன்றே அளவுகோல் ஆகாது என்பதற்கு அந்தப் பெண்ணே சாட்சி நிற்கிறாள். ஆக, உதயம்பேரூர்ச் சங்கம் சேர்க்கச் சொன்னது எல்லாமே தவறு என்று நான் வாதிடவில்லை. சேர்த்தலைப் பின்வருபவர் ஆராயலாம், ஏற்கலாம், அடைப்புக்குறிக்குள் தள்ளலாம். எரித்தலுக்குப் பின் ஆராய ஏதும் மிஞ்சுவதில்லை.

இங்கே வலியசாலையின் நினைவு குறுக்கிடுகிறது. இவ்வூர் மகாதேவர் கோயிலோடு ஆய்வாளர் பலர் சேர்த்துப் பேசும் காந்தளூர்ச் சாலையில் முதலாம் ராஜராஜன் செய்ததை அவன் மெய்க்கீர்த்தி வெற்றியாகவே பாடுகிறது. அங்கே அவன் செய்தது என்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. அதே மன்னனைத் தமிழ்ச் சைவம் திருமுறை கண்ட சோழனாகப் போற்றுகிறது. தில்லையில் பூட்டிய அறையில் கரையான் அரித்தது போக எஞ்சிய தேவார ஏடுகளை வெளிக்கொணர்ந்து, நம்பியாண்டார் நம்பியைக் கொண்டு தொகுப்பித்தான் என்பது மரபு. அழிந்ததை நினைந்து மன்னன் வருந்தியபோது, இக்காலத்துக்கு வேண்டியது காக்கப்பட்டது என்று அசரீரி ஆறுதல் சொன்னதாம். எனக்கு அந்த அசரீரியைவிட மன்னனின் வருத்தமே பெரிதாகப் படுகிறது. இழந்ததற்காக வருந்தத் தெரிந்தவன் தொகுத்தான். பிறகு அத்தொகுப்பு நிற்கவில்லை. பெரியபுராணத்தையும் சேர்த்துப் பன்னிரண்டாக வளர்ந்து அமைந்தது.

மத்தியதரைக் கரையிலும் மலையாளக் கரையிலும் தில்லையிலும் நடந்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, வேதத்துக்கு அதிகாரம் தருவது பட்டியலிடும் கை என்ற நினைப்பு மெல்ல நழுவி, வாசித்தவர்களின் நீண்ட வாழ்க்கை அதை அளித்தது என்பதும், சங்கங்களும் மன்னர்களும் ஆயர்களும் செய்யக்கூடியது அந்த வாழ்க்கை ஏற்கெனவே அறிந்துவைத்திருந்ததை ஒப்புக்கொள்வது மட்டுமே என்பதும் தெளிவாகின்றன. மனிதர் தெரிந்தெடுத்ததால் அது தெய்வ வாக்கு ஆகாது என்று நாம் அஞ்சியது, தெய்வம் பேசுவதை மட்டும் எண்ணி, கேட்கும் செவி ஒன்று வேண்டும் என்பதை மறந்ததனால் வந்த அச்சம். வாக்கு ஒரு சமூகத்தின் செவியில் விழுந்து, அதன் துக்கத்திலும் விழாவிலும் உரைத்துப் பார்க்கப்பட்டு, பேரன் பேத்திகளுக்கு ஒப்படைக்கப்படும்போதுதான் வேதம் என்னும் நிலையை அடைகிறது என்றால், தெரிந்தெடுத்த அந்த எண்ணற்ற பெயரற்ற கைகள் இறைவாக்குக்குக் களங்கம் ஆவதில்லை, அது மண்ணில் தங்குவதற்கு வாய்த்த ஒரே வழியாகின்றன. ஆனால் இதே உண்மை தெரிந்தெடுப்பவர் மீது ஒரு கடமையையும் சுமத்துகிறது: தன் செவிக்குக் கேளாதது எவர் செவிக்கும் கேட்டிராது என்று தீர்ப்பளிக்காதிருத்தல், விலக்கியதையும் விலக்கிய காரணத்தோடு வைத்திருத்தல். எகிப்தின் நாக் ஹம்மாடியில் 1945இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சாடியில், சபைகள் விலக்கிய நூல்கள் பதின்மூன்று ஏட்டுத் தொகுதிகளாக இருந்தன. அத்தனாசியாரின் மடலுக்குப் பணிந்து வாசிப்பதை விட்ட துறவிகள், எரிக்க மனமின்றிப் புதைத்தவை அவை என்று சிலர் கருதுகிறார்கள். அது உண்மையானால், பட்டியலுக்குக் கீழ்ப்படிந்தபடியே நாளைய ஆராய்ச்சிக்கும் இடம் விட்ட அத்துறவிகள் உதயம்பேரூரின் பேராயரைவிட வேதத்தை நன்றாக அறிந்தவர்கள்.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சீர்திருத்தச் சபையார் வீடுகளில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தையும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் அருகருகே திறந்து, 1 யோவான் 5:7ஐ இரண்டிலும் வாசியுங்கள். முன்னதில் பரலோகத்துச் சாட்சிகள் மூவர் இருப்பார்கள், பின்னதில் இருக்கமாட்டார்கள். எது சரி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் வைத்திருங்கள்.