சொல்லாமல் விட்ட பங்கு

நிதியாண்டின் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தில் இந்தியக் கம்பெனி இயக்குநர் ஒவ்வொருவரும் எம்.பி.பி.-1 படிவம் கொடுக்க வேண்டும். வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் தமக்குப் பங்கோ தொடர்போ உண்டு என்பதை அதில் எழுத வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 184ஆவது பிரிவு சொல்வது இது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றுதான் முதலில் இருந்தது. 2020-இல் திருத்தினார்கள், இப்போது ஒரு லட்ச ரூபாய் அபராதம் மட்டும்.

சிறையை எடுத்தது நியாயமா? பாதி நியாயம். எப்போதோ வாங்கிய பங்குகளை, இயங்காமல் கிடக்கும் குடும்பக் கம்பெனியை எழுத மறந்தவரைக் கூண்டில் ஏற்றுவதால் எந்தப் பங்குதாரருக்கும் பயனில்லை.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. இரண்டு சதவீதத்துக்கு மேல் தமக்குப் பங்குள்ள கம்பெனியோடு ஒப்பந்தம் பேசப்படும்போது, பொதுக் கம்பெனியின் இயக்குநர் அதைச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும். இங்கே மறதிக்கு இடமேது? கம்பெனியின் பெயர் எதிரே தாளில் இருக்கிறது. வாய் திறக்காமல் ஒப்புதல் தருபவர், ஊரார் பணத்துக்குக் காவலாக இருந்துகொண்டே அதில் கைவைக்கிறார். அவருக்கும் அதே ஒரு லட்சம்தான்! 50 கோடி ஒப்பந்தத்தில் அது கமிஷனுக்குக்கூடக் காணாது. பதவி பறிபோகும் என்கிறது 167ஆவது பிரிவு. வர வேண்டியது வந்த பிறகு நாற்காலி போனால் அவருக்கென்ன?

மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறை தரும் 447ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். அதற்கு ஏமாற்றும் நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அது எவ்வளவு இழுக்கும் என்பதற்குச் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவன மோசடி வழக்கைப் பாருங்கள். அது வேறு சட்டப் பிரிவுகளில் நடந்ததுதான். என்றாலும், 2009 ஜனவரியில் நிறுவனத் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட மோசடிக்கு விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2015 ஏப்ரல் ஆனது. கடிதம் எழுதாதவர்கள் நிம்மதியாகவே தூங்கலாம்.

கடுமை கூடினால் நேர்மையானவர்கள் இயக்குநர் பதவிக்கே வரமாட்டார்கள் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வருடாந்தரப் படிவத்தைப் பொறுத்தவரை அது சரி. தமக்குப் பங்குள்ள கம்பெனியோடு ஒப்பந்தம் போட வாக்களித்த இயக்குநர் விஷயத்தில் அது எடுபடாது. அவருக்குத் தெரிந்திருந்தது என்றே சட்டம் கொள்ளட்டும். தெரியாது என்றால், அதைக் காட்டும் பொறுப்பு அவருடையது. காட்ட முடியாதவருக்குப் பழைய ஓராண்டுச் சிறை திரும்பி வரலாம்.