ஓடாத இன்ஜினின் சாட்சியம்

1893 ஆகஸ்ட் 10ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த இயந்திரத் தொழிற்சாலையில் ருடால்ஃப் டீசல் தன் முதல் இன்ஜினுக்குள் எரிபொருளைச் செலுத்தினார். அது வெடித்தது. அழுத்தத்தை அளக்க உருளையின் மேல் பொருத்தியிருந்த கருவி சிதறிப் பறந்தது. அந்த இன்ஜின் சொந்த பலத்தில் ஒருமுறைகூட ஓடவில்லை. தொழிற்சாலையின் சுழல்தண்டோடு பட்டை மாட்டித்தான் அதைச் சுற்ற வேண்டியிருந்தது. திருத்திக் கட்டிய இன்ஜின் 1894 பிப்ரவரி 17இல் தானாக ஓடியது: ஒரு நிமிடம், 88 சுற்று. சரியாக மூன்றாண்டு கழித்து, 1897 பிப்ரவரி 17இல், மியூனிக்கைச் சேர்ந்த பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் புதிய இன்ஜினைச் சோதித்து, அதன் செயல்திறன் 26.2 விழுக்காடு என்று அளந்து சொன்னார். அன்றைய நீராவி இன்ஜின்கள் அதில் பாதியைத் தொடுவதே பெரிய காரியம். இந்த மூன்று நாட்களில் பாடநூல்கள் நினைவில் வைத்திருப்பது கடைசி நாளை. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஒருவர் சொன்னால், அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தாலும், அவர் உண்மை பேசியவர் ஆவாரா? இன்ஜின் கட்டுகிறவர்களின் தொழில் நெறியைப் பற்றிய சின்னக் கேள்வியாக இது தோன்றலாம். வாய்மை என்றால் என்ன என்ற பழைய கேள்வியே இங்கே கிரீஸ் படிந்த கையோடு வந்து நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

மௌனம் பொய்யாகாது என்று சொல்பவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பொய்யை எந்தச் சூழலிலும் மன்னிக்காத அகுஸ்தீனே, உண்மையை மறைப்பது வேறு, பொய்யுரைப்பது வேறு என்று பிரித்தார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் வாதிட்ட கான்ட், மனத்திலுள்ளது அத்தனையையும் கொட்ட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இவர்கள் சொல்வது நியாயம்தான். பட்டறையில் ஒருவர் உடைத்த ஒவ்வொரு பிஸ்டனையும் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிரிவினை வாய் திறக்காதவனுக்கே பொருந்தும். பாதி பேசியவனுக்கு அது பொருந்தாது. ‘என் இன்ஜின் ஓடுகிறது’ என்று சொல்பவர் ஒரு நாள், ஒரு மணி நேரம் நடந்த நிகழ்ச்சியை மட்டுமா சொல்கிறார்? அதைக் கேட்பவர், நாளையும் ஓடும், இன்னொருவர் கையிலும் ஓடும், மட்டமான எண்ணெயிலும் குளிர்கால விடியலிலும் ஓடும் என்று சேர்த்தே கேட்டுக்கொள்கிறார். சொல்பவரும் அப்படிக் கேட்கப்பட வேண்டும் என்றே சொல்கிறார். இன்ஜின் விஷயத்தில் வெற்றி என்பது எல்லைகளோடு கூடிய ஒரு கூற்று. அந்த எல்லைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிவிப்பவை தோல்விகள்தாம். அவற்றை நீக்கிவிட்டால் அந்தக் கூற்று தன் அளவை மீறி விரிந்துவிடுகிறது. அதனால் தோல்வியைச் சொல்வதைப் பணிவு என்ற தனிப் பண்பாக, வெற்றிச் செய்தியின் மேல் தூவும் அலங்காரமாக, நான் பார்க்கவில்லை. வெற்றிச் செய்தி உண்மையாக இருப்பதற்கே அது தேவை. திருக்குறளின் வாய்மை அதிகாரம், சொல் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதைவிட, பிறருக்குத் தீங்கு விளைக்காததா என்பதை வைத்தே வாய்மையை வரையறுக்கத் தொடங்குகிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு டீசலிடம் திரும்பிப் போகலாம்.

1897 ஜூனில் கேசல் நகரில் ஜெர்மன் பொறியாளர்கள் முன் டீசல் உரையாற்றினார். இன்ஜின் தயார் என்ற நம்பிக்கை பரவியது. உரிமங்கள் மளமளவென்று விற்றன. அமெரிக்க உரிமைக்கு மது ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். மறு ஆண்டு கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் கொண்ட இரட்டை உருளை இன்ஜின் போய்ச் சேர்ந்தது. அன்றாட வேலைக்கு விற்கப்பட்ட முதல் டீசல் இன்ஜின் அதுதான். தொல்லைமேல் தொல்லை கொடுத்து, திரும்பத் திரும்பப் பழுது பார்க்க வைத்தது. உரிமம் வாங்கிய பலர் கட்டிய இன்ஜின்களும் ஒழுங்காக ஓடவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு வரைபடம் கிடைத்தது. ஆக்ஸ்பர்க்கில் நான்கு ஆண்டுகள் தோற்றுத் தோற்றுச் சேர்ந்த கையறிவு வரைபடத்தில் வராது. இதற்கும் அடியில் இன்னொரு மறைப்பு இருந்தது. 1893இல் வெளியிட்ட நூலில் டீசல் 250 வளிமண்டல அழுத்தத்தையும், வெப்பநிலை ஏறாமலே எரியும் எரிதலையும் முன்வைத்திருந்தார். கார்னோ சொன்ன இலட்சிய இயந்திரத்தை இரும்பில் வடிப்பது அவர் கனவு. அப்படி ஒரு இன்ஜின் கட்டினால் கிடைக்கும் வேலை முழுவதையும் அதன் உராய்வே தின்றுவிடும் என்பதை அவரே சீக்கிரம் உணர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் வேறு வகை எரிதலுக்கு இரண்டாவது காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ‘என் முதல் கோட்பாடு தவறு, ஓடுவது வேறொன்று’ என்று மட்டும் அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. 1892இல் விண்ணப்பித்த முதல் காப்புரிமைதான் அவருடைய சொத்து முழுவதற்கும் அடித்தளம்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. க்ருப் நிறுவனத்தின் பணம், ஆக்ஸ்பர்க் ஆலையின் பொறுமை, குடும்பம், மானம் எல்லாம் அந்த ஒரு கோட்பாட்டின் மேல் நின்றன. வெளிப்படைத்தன்மைக்கு எதிரான மிக வலுவான வாதமும் இங்கேதான் பிறக்கிறது. 1893 ஆகஸ்டில் வெடித்ததையும், கோட்பாடு சரிந்ததையும் டீசல் ஊரறியச் சொல்லியிருந்தால் முதலீடு நின்றிருக்கும். இன்று கப்பலையும் லாரியையும் ரயிலையும் இழுக்கும் இன்ஜினே பிறந்திருக்காது. ஆகவே அந்த மௌனம் மனித குலத்துக்கு நன்மை செய்தது என்பது வாதம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நடந்ததை உற்றுப் பார்த்தால் வாதம் பாதிதான் நிற்கிறது. பணம் போட்டவர்களின் பொறியாளர்கள் ஆக்ஸ்பர்க்கிலேயே இருந்தார்கள். முதல் இன்ஜின் ஓடாதது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பணம் தொடர்ந்தது. தோல்வியை அறிந்தவர்கள் கைவிடவில்லை. கைசுட்டுக்கொண்டவர்கள், அதை அறியாமல் பின்னால் வந்து வாங்கியவர்கள். கரு முளைக்கும் காலத்தில் ஒரு பட்டறைக்குள் மறைவு வேண்டியிருக்கலாம். விலை சொல்லி விற்கத் தொடங்கிய நாளில், அதை நம்பி இன்னொருவர் தன் காசையோ கையையோ வைக்கத் தொடங்கிய நாளில், அந்த மறைவுக்குரிய உரிமை தீர்ந்துபோகிறது. ‘யாருக்குத் தீங்கு’ என்று குறளின் வழியில் கேட்டால் கோடு அங்கேதான் விழுகிறது. டீசலும் தப்பவில்லை, 1898இல் உடலும் மனமும் ஓய்ந்து மருத்துவ விடுதியில் படுத்தார்.

தோல்வி ஏன் இவ்வளவு மதிப்புள்ள செய்தி என்பதற்கு இந்திய அளவை மரபில் நல்ல விளக்கம் இருக்கிறது. அறிவு வரும் வழிகளை எண்ணிய மீமாம்சகர்களில் குமாரில பட்டரின் வழியினர், காட்சி, அனுமானம் முதலியவற்றோடு அனுபலப்தி என்ற ஒன்றையும் தனி வழியாக வைத்தார்கள். ஒன்று தென்படாமையால் அது இல்லை என்று அறிவது அது. மணிமேகலை அடுக்கும் பத்து அளவைகளுள்ளும் இந்த ‘இல்லாமை’, அபாவம் என்ற பெயரில் உண்டு. இதில் முக்கியம், மீமாம்சகர்கள் விதித்த நிபந்தனை. இருட்டறையில் பானை தெரியவில்லை என்பதால் பானை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற வெளிச்சத்தில் தெரியாமல் போனால்தான் அந்த ‘இல்லை’ அறிவாகும். ‘ஓடவில்லை, உடைந்துவிட்டது’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது இருட்டறைச் செய்தி. எந்த அழுத்தத்தில், எந்த எரிபொருளில், எத்தனையாவது நிமிடத்தில், எதை மாற்றிய பிறகு உடைந்தது என்று சொன்னால் அது விளக்கேற்றிய அறை. தோல்வியைப் பகிர்வது அறிவாக வேண்டுமானால் அதன் சூழலையும் சேர்த்தே பகிர வேண்டும்.

இந்த நிபந்தனையை இருபதாம் நூற்றாண்டில் எல்லாரையும்விட முழுமையாக நிறைவேற்றியவர்கள், நிலவுப் பயணத்துக்கான எஃப்-1 இன்ஜினைக் கட்டியவர்கள் என்று சொல்வேன். ஏறத்தாழ 680 டன் உந்துவிசை தரும் அந்த இன்ஜினின் எரிகலத்தில், எரிதல் திடீரென்று கொந்தளித்து, அழுத்த அலைகள் சுற்றிச் சுழன்று, நொடிக்குள் எல்லாவற்றையும் உருக்கிவிடும். 1962 ஜூன் 28இல் சோதனை மேடையில் ஓர் இன்ஜின் அப்படியே அழிந்தது. கொந்தளிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்து முறை வராமல் பதினோராம் முறை வரலாம். வராத பத்து முறையைக் காட்டி ‘இன்ஜின் நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. அப்படிச் சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் எரிகலத்துக்குள் சிறு வெடிகுண்டை வெடிக்கச் செய்து, கொந்தளிப்பைத் தாங்களே வரவழைத்தார்கள். அது தானாக அடங்குகிறதா, எத்தனை மில்லி நொடியில் அடங்குகிறது என்று அளந்தார்கள். எரிபொருள் தெளிக்கும் தட்டின் துளைகளையும் தடுப்புகளையும் மாற்றி மாற்றி முழு அளவில் ஏறத்தாழ 2000 சோதனைகள் நடத்தினார்கள். தோல்வி இருந்தால் தெரிந்தே தீர வேண்டிய வெளிச்சத்தை அவர்களே ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் அது தெரியாமல் போன பிறகுதான் ‘இல்லை’ என்றார்கள். பதின்மூன்று சாட்டர்ன்-5 ஏவல்களில் பறந்த 65 எஃப்-1 இன்ஜின்களில் ஒன்றும் பழுதாகவில்லை. எரிதல் கொந்தளிப்பைப் பற்றித் திரண்ட அறிவை, எஃப்-1 கற்பித்ததையும் சேர்த்து, 1972இல் நாசா தடித்த தொகுப்பு நூலாக வெளியிட்டது. ராக்கெட் இன்ஜின் கட்டுகிறவர்கள் இன்றும் அதைத் திறக்கிறார்கள்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு; இக்காலத்தில் அதற்கு வலு கூடியிருக்கிறது. வீட்டுப் பட்டறையில் இன்ஜின் கட்டுபவர்கள் வெடித்த உருளையையும் வளைந்த தண்டையும் இணையத்தில் காட்டுகிறார்கள். தோல்வியே ஒரு காட்சிப்பொருளாகி, ‘நான் எவ்வளவு நேர்மையானவன் பார்’ என்ற பெருமைக்குத் தீனியாகிவிடுகிறது என்பார்கள். பாவ அறிக்கையில் அகந்தை நுழையும் என்பது சமயங்களுக்குப் பழைய கவலை. கவலை சரி. ஆனால் சமய அறிக்கையில் இல்லாத ஒரு வசதி பட்டறைக்கு உண்டு: சொன்னது பயன்படுகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். சொல்பவர் மனத்தில் அகந்தை இருந்தாலும், அவர் சொன்ன அழுத்தமும் வெப்பமும் சரியாக இருந்தால் கேட்பவரின் விரல் தப்பும். சொல்பவர் உள்ளத்தில் உருகினாலும், காரணத்தைச் சொல்லாமல் உடைந்த துண்டை மட்டும் காட்டினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. 1912 நவம்பரில் பெர்லினில் கப்பல் கட்டும் பொறியாளர்கள் முன்பும், அடுத்த ஆண்டு நூலிலும், டீசல் தன் இன்ஜின் பிறந்த கதையை ஓடாத முதல் இன்ஜினிலிருந்து தொடங்கிச் சோதனை சோதனையாகச் சொன்னார். அதை அன்று மதித்தவர்கள் குறைவு. அவர் கட்டியது காப்புரிமையில் சொன்னதே இல்லை என்று பேராசிரியர் லூடர்ஸ் அதே 1913இல் தனி நூலே எழுதித் தாக்கினார். டீசல் அப்போதும் தன் முதல் கோட்பாட்டைக் கைவிடாமல் எல்லாவற்றையும் அதோடு முடிச்சுப் போடப் பார்த்தார். வெடிப்பைச் சொல்ல முடிந்தவருக்குத் தவறிய கருத்தைச் சொல்ல முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார்.

கருத்துத் தவறியதை, அதைவிடக் கடினமாகக் காரணம் முழுதும் தெரியவில்லை என்பதை, ஒரு நிறுவனம் எப்படிச் சொல்லலாம் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. 2010 ஏப்ரல் 15இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-டி3, இந்தியா கட்டிய கிரையோஜெனிக் இன்ஜினைச் சுமந்த முதல் ராக்கெட். அது வங்கக் கடலில் விழுந்தது. இன்ஜின் பற்றவே இல்லையோ என்பது அன்றைய முதல் ஐயம். மூன்று மாதத்துக்குள் இஸ்ரோ ஆய்வின் முடிவை வெளியிட்டது. இன்ஜின் பற்றியது, திரவ ஹைட்ரஜனை முன்தள்ளும் சிறு டர்போ பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை வேகம் எடுத்து, பிறகு நின்றுபோனது. ஏன் நின்றது? சீல் ஒன்று இறுகிச் சுழலியைப் பிடித்திருக்கலாம். அல்லது டர்பைனின் உறை வெடித்திருக்கலாம். இரண்டில் எது என்று அந்த அறிக்கை முடிவு கட்டவில்லை. கடுங்குளிரில் தாங்கியும் உறையும் சுருங்கி விரிவதைக் கணக்கில் கொண்டு பம்பின் வடிவம் மாற்றப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதனைகள் நடந்தன. 2013 ஆகஸ்ட் 19இல், மாற்றிய இன்ஜினைச் சுமந்த ராக்கெட்டை ஏவுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கையில், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. கசிகிறது என்று சொல்லி இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தினார்கள். இன்ஜின் 2014 ஜனவரி 5இல் பறந்தது.