விருந்தினர் சொன்ன குறை

பணம் வாங்காமல் விருந்தோம்புகிறவனுடைய வீட்டில் உண்டு உறங்கிச் சென்றவர், அங்கே கண்ட குறையை ஊர் திரும்பியதும் தம் மனைவியிடம் மட்டும் சொல்லி ஆற்றிக்கொள்வார். பணம் வாங்கிக்கொண்டு விருந்தோம்புகிறவனுடைய வீட்டில் தங்கியவரோ, அதே குறையை உலகம் முழுவதும் பார்க்கும்படி எழுதி, கீழே ஒரு நட்சத்திரத்தையும் குத்திவிடுவார். இந்த இரண்டாம் வகை விருந்தோம்பலில் இறங்கியவன், தன் வீட்டைப் பற்றிய பகிரங்கமான நிந்தைக்கு எவ்வாறு மறுமொழி சொல்வது என்பதைக் கற்றுக்கொண்டே தீரவேண்டியிருக்கிறது.

என் தமக்கை மகன் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, பாட்டனார் வைத்த தென்னந்தோப்பில் ஓட்டு வீடு ஒன்று கட்டி, பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறான். வருகிறவர்கள் பிரான்மலைக்குப் போவார்கள்; செட்டிநாட்டு வீடுகளைப் பார்ப்பார்கள்; 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்று, பிறகு டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு எழுந்து 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதனால் நாடறிந்த பெயராகிவிட்ட அரிட்டாபட்டிக்குப் போய்வருவார்கள். சித்திரை மாதத்து வெயிலில் வந்து தங்கிய ஒரு கனவான் மூன்று குறைகளை எழுதியிருந்தார். படத்தில் ததும்பிய கண்மாய் நேரில் வெடித்த மண்ணாகக் கிடந்தது. மின்சாரம் நின்றபோது குளிர்சாதனமும் நின்றது. சமையற்கார அம்மாள் சாப்பிடும்போது பக்கத்திலேயே நின்று, எத்தனை பிள்ளைகள், என்ன உத்தியோகம் என்று விசாரித்ததோடு, வேண்டாம் என்ற பிறகும் பரிமாறினார்.

“பொய்யும் புரட்டுமா எழுதியிருக்கான் மாமா. இவனைச் சும்மா விடக்கூடாது. நீங்கதான் நறுக்குன்னு நாலு வரி எழுதிக் குடுக்கணும்” என்று கைப்பேசியை நீட்டினான். வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு வசைபாடவும் தெரிந்திருக்கும் என்பது அவனுடைய நம்பிக்கை. தன் பங்குக்கு அவனே ஒரு மறுமொழியும் தயாரித்து வைத்திருந்தான். அந்த மனிதர் வாடகையில் பேரம் பேசியது, இரவில் எத்தனை மணி வரையில் குடித்தது, எந்தக் கண்ணாடிக் குவளையை உடைத்தது எல்லாம் அதில் கிரமமாக வந்திருந்தன. ஒவ்வொன்றும் உண்மை என்று சத்தியம் செய்தான். நான் நம்பினேன். ஆனாலும், உண்மையாக இருப்பதனாலேயே அதை வெளியிடக் கூடாது என்பது என் கட்சி.

இந்த விவகாரத்தில் இரு தரப்பும் சமமல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். விருந்தாளி வீட்டைப் பற்றிப் பேசலாம். ஏனெனில் அது விற்பனைக்கு வைக்கப்பட்ட பொருள். வீட்டுக்காரன் விருந்தாளியைப் பற்றிப் பேசலாகாது. ஏனெனில் அவன் கண்டதெல்லாம், ஒரு மனிதன் நம்பிப் படுத்துறங்கிய கூரையின் கீழே, அந்த நம்பிக்கையின் பேரில் கண்டவை. அதைத் தெருவில் வைக்கிறவனுடைய எழுத்தைப் படிக்கிற மூன்றாம் மனிதர், பேரம் பேசியவருக்கு நன்றாக வேண்டும் என்று ஒருபோதும் எண்ணமாட்டார். நாம் போய்த் தங்கினால் நம்முடைய குவளையும் இப்படித்தான் எண்ணப்படும் என்றே எண்ணுவார்.

நம்முடைய பழைய பரிசில் வாழ்க்கையிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றை வள்ளல்களின் புகழ்மாலை என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். அதில் குறைசொன்ன விருந்தினரின் பாட்டுகளுக்கும் பஞ்சமில்லை. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசிலைக் காலந்தாழ்த்தியபோது ஆவூர் மூலங்கிழார், கொடுக்க இயன்றதை இல்லை என்பதும் இயலாததைத் தருவேன் என்பதும் இரப்பவரை ஏமாற்றுவதோடு புரப்பவன் புகழையும் தேய்க்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவன் பிள்ளைகள் நோயின்றி வாழட்டும் என்று வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு வழிநடந்தார். பாரி இறந்த பின், நம் பிரான்மலை என்று கருதப்படும் பறம்பை விட்டு, அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அலைந்த கபிலர், அவர்களை மணக்க மறுத்த இருங்கோவேளிடம், உன் முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்ததனால்தான் அரையம் என்னும் ஊர் அழிந்தது என்று நினைவூட்டினார். ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவரைக் கொடியவர் என்று என் மருமகன் சொல்வது, கபிலரைப் படிக்காத குறைதான்.

இந்தப் பாட்டுகளோடு நன்மாறனுடைய மறுமொழியோ இருங்கோவேளின் சமாதானமோ நமக்கு வந்து சேரவில்லை. வெறுங்கையோடு போனவர் சொன்னது மட்டும் நிலைத்துவிட்டது. புகழ்ந்த பாட்டுகளையும் இகழ்ந்த பாட்டுகளையும் ஒரே கட்டாகத் தொகுத்தவர்களுடைய நடுநிலையை நான் வியக்கிறேன். புகழ்ந்தவற்றை நாம் நம்புவதற்கே அந்த இகழ்ந்தவை அல்லவா சாட்சி நிற்கின்றன!

நன்மாறனுக்கும் இருங்கோவேளுக்கும் இல்லாத வசதி இக்காலத்து வீட்டுக்காரனுக்கு உண்டு. நிந்தைக்கு நேர் கீழே மறுமொழி எழுத அவனுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த வசதி போதாமல் தண்டனையில் இறங்கியவர்கள் பட்டபாடும் உலகறிந்தது. அமெரிக்காவில் ஹட்சன் என்னும் ஊரில் ஒரு விருந்தினர் விடுதி, திருமணத்துக்கு வந்து தங்குகிறவர்களில் எவரேனும் குறைத்து எழுதினால் குறிப்புக்கு 500 டாலர் பிடித்தம் என்று விதித்திருந்தது 2014-இல் வெளிவந்ததும், அங்கே கால் வைத்தறியாதவர்களெல்லாம் ஆயிரக்கணக்கில் திரண்டு தூற்றித் தீர்த்தார்கள். தாய்லாந்தின் கோ சாங் தீவில் ஒரு விடுதி, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மதுப்புட்டிக்குக் கட்டணம் கேட்டதில் பிணங்கிக் கடுமையாக எழுதிய விருந்தாளியின் மீது அவதூறு வழக்குத் தொடர்ந்து, 2020-இல் அவர் இரண்டு இரவு சிறையில் கிடக்கும்படி செய்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், வழக்கு வாபஸாயிற்று. ஆனால், இது விருந்தாளியைச் சிறைக்கு அனுப்பிய விடுதி என்ற எச்சரிக்கையை டிரிப் அட்வைசர் தளம் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டது.

நிதானமாக மறுமொழி எழுதுவதால் விளையும் பயனையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ப்ரொசெர்பியோ, ஸெர்வாஸ் என்ற இருவர் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மறுமொழி எழுதத் தொடங்கிய ஹோட்டல்களின் சராசரி மதிப்பு 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. அற்பமான உயர்வுதான். எனக்குச் சுவையாகப் பட்டது மற்றொன்று: அதன் பிறகு வந்த நிந்தைகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் நீண்டன. வீட்டுக்காரன் படிக்கிறான் என்று தெரிந்ததும், போகிறபோக்கில் ஏசுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள, காரணம் காட்டிப் பேசக் கூடியவர்கள் மிஞ்சினார்கள் போலும்.

ஆகவே என் மருமகனுடைய காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, நான் இப்படி எழுதிக்கொடுத்தேன்: “தாங்கள் வந்தது சித்திரையில். பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. எங்கள் கண்மாய் மழையையே நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்தால் தை வரையில் தண்ணீர் இருக்கும். வறண்ட கண்மாயின் படத்தையும் இப்போது சேர்த்திருக்கிறோம். மின்சாரம் நின்றால் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடும்; குளிர்சாதனம் ஓடாது. தனிமையை விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால், உணவை மூடிவைத்துவிட்டு விலகிக்கொள்வோம்.”

“இதுல அவனுக்குப் பதிலே இல்லையே மாமா?” என்றான்.

“அந்த ஆளு இனி வரவா போறாரு மாப்பிள்ளை? வரப்போறவங்களுக்கு எழுதியிருக்கேன்.”

வேண்டாவெறுப்பாகப் போட்டான். வறண்ட கண்மாயின் படத்தினால் கோடையில் ஆள் வரத்துக் குறையும் என்று அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை, குறையத்தான் செய்யும்.

ஆனால் மூன்றாவது குறை இன்னும் தீரவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியதற்காக, நான் என்ன வியாபாரியா என்று சீறி, தன் தகுதியை அறிந்து கொடுத்திருந்தால் தினையளவாயினும் இனிக்கும் என்றார் பெருஞ்சித்திரனார். கண்டுகொள்ளவில்லை என்பது அவர் குறை; அளவுக்கு மீறிக் கண்டுகொண்டார்கள் என்பது நம் கனவானின் குறை. பட்டணத்து நெரிசலில் அவருக்கு அகப்படாத பண்டம் தனிமை; அதைத்தான் அவர் பணம் கொடுத்து வாங்க வந்தார் என்பதும் நியாயமே. சமையற்கார அம்மாளிடம் இதைப் படித்துக் காட்டியபோது, “சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு எழுதலையா?” என்று கேட்டார். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனிமேல் சிலருக்கு மூடிவைத்துவிட்டு வந்துவிடலாம் என்றதற்கு, “மூடி வச்சுட்டு வர்றதுக்கு நான் எதுக்குங்க? மனுசங்களைப் பாக்காம எப்படிச் சோறு போடுறது?” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். அவரை இணங்கவைக்கும் பொறுப்பை மருமகன் என்னிடம் ஒப்படைத்திருக்கிறான். பெருஞ்சித்திரனாரே அந்த அம்மாளின் கட்சியில் இருக்கும்போது நான் எந்த முகத்தோடு போய் வாதாடுவது?